நாற்றம் என்னும் சொல்

ஒரு சொல்லின் வாழ்வுந் தாழ்வும் அறிய விரும்புவார்க்கு ‘நாற்றம்’ என்பதினுஞ் சிறந்த சான்று வேண்டா. வள்ளுவர் அதனை ஐம்புலன்களுள் ஒன்றன் பெயராக வைத்தார். திருவில்லிபுத்தூர் ஆண்டாளோ, கண்ணன் திருவாயின் மணத்தை வெண்சங்கிடம் வினவுமிடத்து ‘நாறு’ என்னும் வினையையே ஆண்டார். அவ்வூர்ப் புறத்து மலையடிவாரத்திலுள்ள கான்சாபுரத்தில் இன்று ஒருவர் பூ நாறுகின்றதென்றால், கேட்போர் அதனைக் குப்பையில் எறிவர். தமிழ் விவிலியத்தில், நான்கு நாள் கல்லறையிற் கிடந்த லாசருவைக் குறித்து மார்த்தாள் கூறுவதும் இச்சொல்லே. மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். ஆங்கிலத்து ‘ஸ்டிங்க்’ என்பதும் பண்டு நறுமணத்திற்கும் உரியதாயிருந்து, பின்னர் இவ்வாறே இழிந்தது.

பழம்பொருளை மீட்டல் வேண்டுமென்று யாம் வாதாடுகிலேம். மக்கள் நாவில் மாறிய சொல்லை மீட்டும் திருப்புதல் அரிது. எமது கவலை வேறு. கற்றோராகிய நாம், மூக்கு வெறுப்பனவற்றையெல்லாம் ‘துர்நாற்றம்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுகின்றோம். நம் வீட்டாரோ ஆட்டுக்கிடைக்கு மொச்சை, மீனுக்குக் கவிச்சி, பழைய எண்ணெய்க்குக் காறல், கெட்ட சோற்றுக்கு ஊசல், அடிபிடித்த பாலுக்குத் தீய்ந்த வாடை என வகுத்துரைப்பர். இவை பொருளின் தன்மையை அறிவிக்கும். துர்நாற்றம் என்பது நம் வெறுப்பை மட்டுமே அறிவிக்கும். கவிச்சி என்ற சொல் மீனோடு நிற்கும். நாற்றம் என்ற சொல்லோ மீன் விற்பவர் மீதும், தோல் பதனிடுவோர் மீதும், சாக்கடை அள்ளுவோர் மீதும் சென்று படியும். சொல்லின் வறுமை இங்ஙனம் அறத்தின் வறுமையாகின்றது.

மணங்களைப் பகுத்துரைக்க மாட்டாமை மனிதர்க்கு இயல்பெனச் சிலர் கூறலாம். அஃது உண்மையன்று. மலேயாத் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்கள், நிறங்களைப் போலவே மணங்களையும் எளிதிற் பெயரிடுகின்றனரென ஆசிபா மஜீத், நிக்லஸ் புரென்ஹுல்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 2014-இல் வெளியிட்டனர். புலியை ஈர்க்கும் இரத்த வாடைக்கும் அம்மக்களிடம் தனிச்சொல் உண்டு. அதே சோதனையில் ஆங்கிலம் பேசுவோர் மணங்களைக் கூற மாட்டாது இடர்ப்பட்டனர். குறை மூக்கினதன்று, வழக்கினதே.

ஆதலின், மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால் பாட்டியரிடத்தும் ஆடு மேய்ப்போரிடத்தும் இத்தகைய சொற்களைக் கேட்டு எழுதிக் கொணர்மின். கொச்சையென ஒதுக்காது நம் கட்டுரைகளிலும் அவற்றை ஆளுவோமாக. பொருளுக்கு உரிய பெயர் கிடைத்துவிடின், மனிதரை இகழும் பெயருக்குத் தேவை குறையும்.