வலிக்குக் கந்துவட்டி

போன தீபாவளிக்குப் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கப் போனேன். முதுகில் 'களுக்'கென்று ஒரு சத்தம். அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்று கேட்டாள் மனைவி.

டாக்டர் டிரமடால் எழுதிக் கொடுத்தார். "அஞ்சே நாள். வலி நின்னா நிறுத்திடுங்க" என்றார்.

முதல் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டது. விஷயம் அதோடு நிற்கவில்லை, ஸார். வீட்டுக்கடன் தவணை, வராத சன்மானம், கைமாத்து வாங்கிவிட்டுக் காணாமல் போன மைத்துனன்... எல்லாக் கவலையும் பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மைத்துனனே போன் பண்ணியபோது, "ஏன் மாப்ளே, வீட்டுப் பக்கமே வரதில்லே?" என்று கேட்டுத் தொலைத்தேன்! மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆறாம் நாள் முதுகு சரியாகிவிட்டது. இருந்தும் கால் தானாக மெடிக்கல் ஷாப்புக்குப் போனது. பழைய சீட்டை நீட்டினேன். கடைப் பையன் தேதியைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நாளைக்குத்தான் சார் எழுதியிருக்கு. புதுச் சீட்டு வேணும்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "பத்து வருஷமா இங்கதான் வாங்கறேன். என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?" என்று கத்திவிட்டு, படி இறங்கும்போதுதான் உறைத்தது. வலிக்காத முதுகுக்காக நான் ஏன் சண்டை போட்டேன்?

எனக்கு அதோடு போயிற்று. நண்பர் ஒருவருக்கு அப்படிப் போகவில்லை.

பைக் விபத்து, காலில் ஆபரேஷன், மாசக்கணக்கில் அதே வகை மாத்திரை. ஒரு வேளை தவறினால் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கக் கால் குடைச்சல். போட்டால் கொஞ்ச நேரத்தில் ஆள் பளிச்! "பார்த்தியா, கால் இன்னும் ஆறலே. அதான் மாத்திரை கேக்குது" என்பார். கால் என்றைக்கோ ஆறிவிட்டது. கேட்டது மூளை.

அவர் மனைவி மாத்திரையை எண்ணி அரிசி டின்னில் ஒளித்து வைத்தார். அண்ணன், "மனக்கட்டுப்பாடு இல்லாத பய" என்றார். நண்பரோ ஏரியாவுக்கு ஒரு டாக்டரைப் பிடித்தார். சிகரெட், குடி எதுவும் இல்லாத மனுஷர். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேறு. வெளியே யாருக்குச் சந்தேகம் வரும்?

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

நம் உடம்பே எண்டார்ஃபின் என்று ஒரு வலிநிவாரணியைத் தயாரிக்கிறது. மூளையில் அதற்கென்று பூட்டுகள் உண்டு. மார்ஃபின், டிரமடால், ஆக்ஸிகோடோன் போன்ற அபின் குடும்பத்து மருந்துகள் அதே பூட்டுக்குக் கள்ளச்சாவி. திறந்தால் வலியும் அடங்கும், 'ஆஹா'வும் வரும். தினமும் ஆஹா என்றால் மூளை சும்மா இருக்குமா? பூட்டை இறுக்கிக்கொள்கிறது. நேற்று ஒரு மாத்திரையில் கிடைத்தது இன்றைக்கு இரண்டில்தான் கிடைக்கும். திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்ததெல்லாம் வசூலுக்கு வந்து நிற்கும். அதாவது, மாத்திரை வலியைத் தள்ளுபடி செய்யவில்லை. கடன் கொடுத்தது. அதுவும் கந்துவட்டிக்கு! அளவு ஏறினால் இன்னொரு ஆபத்து. மூச்சைக் கவனிக்கிற பகுதியிலும் இதே பூட்டுகள் இருப்பதால், தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம்.

இதில் பெரிய பெரிய ஆட்களே கோட்டை விட்டிருக்கிறார்கள். 1898-ல் பேயர் கம்பெனி இருமலுக்கு ஒரு மருந்து விற்றது. பேர் ஹெராயின்! 1980-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இந்த வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நாலு பேர்தான் அடிமையானார்களாம். ஆஸ்பத்திரிக் கணக்கை, வீட்டில் மாசக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் பொருத்திவிட்டார்கள். ஒருநாள் கல்லாவை எண்ணிவிட்டு, வருஷக் கணக்குக்கு ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட மாதிரி!

1996-ல் பர்டூ ஃபார்மா 'ஆக்ஸிகான்டின்' மாத்திரையை மார்க்கெட்டில் இறக்கியது. அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக 2007-ல் அந்தக் கம்பெனித் தரப்பே கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. மாத்திரையில் ஆரம்பித்தவர்கள் சிலர் ஹெராயினுக்கும் கள்ளச்சந்தை ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021-ல் மட்டும் போதை மருந்து அளவு மீறி அமெரிக்காவில் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

நம் நாட்டில் 2018-ல்தான் டிரமடால், போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. கடைப் பையனின் கறாருக்குக் காரணம் புரிகிறதா?

அதற்காக 'மாத்திரையே விஷம்' என்று கிளம்பிவிடாதீர்கள். 1985-ல் வந்த அந்தச் சட்டத்தின் கெடுபிடியில் மார்ஃபின் கிடைக்காமல் புற்றுநோயாளிகள் எத்தனையோ பேர் துடித்தார்கள். 2014-ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். துடிக்கிறவருக்கு டாக்டர் மேற்பார்வையில் மருந்து தருவது தர்மம். வலி போன பிறகும் நாமே தொடர்வதுதான் வினை.

நண்பர் கடைசியில் ஒரு மனநல டாக்டரிடம் போனார். அவர் திட்டவில்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் இல்லை. படிப்படியாகக் குறைத்தார். "நீங்க கெட்டவர் இல்லே. உங்க மூளை பழகிடுச்சு, அவ்வளவுதான்" என்றாராம். கூடப் போயிருந்த அண்ணன் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் நான் கடைப் பையனிடம் ஸாரி சொன்னேன். "விடுங்க சார், தெனம் நாலு பேர் திட்டுறாங்க. திரும்பி வந்து ஸாரி சொன்னது நீங்கதான்" என்றான்.

அண்டா இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. பரணில் ஏற்றச் சொல்லித் தினமும் நச்சரிப்பு. டாக்டரிடம் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன்: 'கனமான பொருள் தூக்கக் கூடாது.'

இந்தச் சீட்டை மட்டும் மாசாமாசம் புதுப்பித்துக்கொள்ள உத்தேசம்!