அதிபர் வேட்பாளர்: பேட்ச் மேல பேட்ச்

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அமெரிக்கத் தேர்தல் வந்தா போதும், நம்ம மக்கள் ஆளுக்கொரு எலக்டோரல் காலேஜ் பதிவு போட்டுடுவாங்க. கம்மி ஓட்டு வாங்கினவர் எப்படி அதிபர் ஆனார்னு ஆச்சரியப்படுவோம், கோபப்படுவோம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாத் தெரியறது அதுக்கு முன்னாடி நடக்கிற வடிகட்டல்தான். 2016 நவம்பர்ல ஓட்டுப் போட்டவங்க 13 கோடிக்கும் மேல. அவங்க முன்னாடி நின்ன ரெண்டு பேரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினது, பிரைமரில டிரம்ப்புக்கு விழுந்த சுமார் 1.4 கோடி ஓட்டும் ஹிலாரிக்கு விழுந்த சுமார் 1.7 கோடி ஓட்டும். மத்த எல்லாருக்கும் 'இந்த ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோ'ன்னு தட்டுல வெச்சு நீட்டியாச்சு.

இந்த வடிகட்டலுக்கான விதிகள் அமெரிக்க அரசியல் சட்டத்துல கிடையாது. அதுல கட்சிங்கற வார்த்தையே இல்லை. கட்சிகளும் மாநிலங்களும் அப்பப்போ எழுதிக்கிட்ட விதிகள்தான். யாரும் உட்கார்ந்து யோசிச்சு டிசைன் பண்ணின சிஸ்டம் இல்லீங்க இது. ஒவ்வொரு தடவை கிராஷ் ஆகும்போதும் ஒரு பேட்ச் போட்டு ஓட்டிக்கிட்டிருக்காங்க. பழைய கோடை மெயின்டெயின் பண்றவங்களுக்கு இந்த வலி புரியும் :-)

வெர்ஷன் ஒண்ணு, மாநாடு. மாநிலப் பெருந்தலைகள் கூடிப் பேரம் பேசி ஆளை முடிவு பண்ணுவாங்க. 1924-ல ஜனநாயகக் கட்சி மாநாட்டுல 103 சுற்று ஓட்டெடுப்பு நடந்து, கடைசில ஜான் டேவிஸ்னு ஒருத்தர் வேட்பாளர் ஆனார். நவம்பர்ல தோத்தும் போனார். அப்பவே பிரைமரிகள் இருந்தன, ஆனா முக்கால்வாசி ஒப்புக்குச் சப்பாணி. 1952-ல கீஃபாவர் 15 பிரைமரில 12-ஐ ஜெயிச்சார். வேட்பாளர் ஆனது என்னவோ ஸ்டீவன்சன்.

பெரிய கிராஷ் 1968-ல. வியட்நாம் போர் கொதிச்சுக்கிட்டிருந்த நேரம். மார்ச் மாசம் ஜான்சன் 'நான் நிக்கலை'ன்னுட்டார். ஜூன்ல ராபர்ட் கென்னடியைச் சுட்டுக் கொன்னாங்க. ஆகஸ்ட்ல சிகாகோ மாநாட்டுல, ஒரு பிரைமரில கூட இறங்காத ஹம்ஃப்ரி வேட்பாளர் ஆனார். வெளியே தெருவுல போராட்டக்காரங்களுக்குப் போலீஸ் அடி, உள்ளே கூச்சல். போரை எதிர்த்து ஓட்டுப் போட்டவங்களுக்கு 'அப்போ எங்க ஓட்டுக்கு என்னதான் மதிப்பு?'ன்னு ஒரு கேள்வி. பதிலே இல்லை.

அதுக்குப் போட்ட பேட்ச்தான் மெக்கவர்ன்-ஃப்ரேசர் கமிஷன். டெலிகேட்டுகளைத் திறந்த முறையில, எல்லாரும் கலந்துக்கிற மாதிரி தேர்ந்தெடுக்கணும்னு விதி வந்தது. மாநிலங்கள் வரிசையா பிரைமரிக்கு மாறின, குடியரசுக் கட்சியும் பின்னாலேயே வந்தது. 1972-ல அந்த மெக்கவர்னே வேட்பாளர் ஆகி, 50 மாநிலத்துல 49-ஐத் தோத்தார். உடனே பெருந்தலைகள் 'பாத்தியா, நாங்க இல்லாம என்ன ஆச்சு'ன்னு ஆரம்பிச்சாங்க. அடுத்த பேட்ச்: 1984-லேர்ந்து சூப்பர் டெலிகேட். எம்பி, கவர்னர் மாதிரி ஆட்களுக்கு, மக்கள் ஓட்டு எப்படி இருந்தாலும் இஷ்டப்பட்டவருக்குப் போடலாம்னு உரிமை. 2016-ல சாண்டர்ஸ் ஆட்கள் அதை எதிர்த்துக் கத்த, 2018-ல அடுத்த பேட்ச்: போட்டி இருந்தா முதல் சுற்றுல சூப்பர் டெலிகேட் ஓட்டுப் போடக்கூடாது.

ஒரு கட்சிக்குள்ளேயே இத்தனை. எண்ற முறையைப் பாத்தா இன்னும் கூத்து. ஜனநாயகக் கட்சில 15 சதவீதம் தாண்டினா விழுந்த ஓட்டு விகிதத்துக்கு டெலிகேட். குடியரசுக் கட்சில பல மாநிலங்கள்ல முதல்ல வந்தவருக்கே மொத்தமும், இல்லைன்னா பெரும்பங்கு. 2016-ல தென் கரோலினால டிரம்ப் வாங்கினது மூணுல ஒரு பங்கு ஓட்டுகூட இல்லை. கிடைச்சது 50-க்கு 50 டெலிகேட். எதிராளிங்க அஞ்சு பேரா பிரிஞ்சு நிக்க, விதி ஒருத்தரை மேல தள்ளி விட்டுடுச்சு. அதே ஓட்டு, வேற விதி இருந்திருந்தா கதை அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருக்காது.

சரி, பெருந்தலைகள்கிட்டயே திருப்பிக் கொடுத்துடலாமான்னு கேக்கறவங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க. படிச்சவங்க, விவரமானவங்கதான் கேக்கறாங்க. அனுபவசாலிகள் வடிகட்டினா மோசமான ஆள் வரமாட்டான்னு வாதம். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. லிங்கனும் சரி, 1932-ல ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் சரி, மாநாட்டுப் பேரத்துல வந்தவங்கதான். ஆனா 1924 டேவிஸும் 1968 ஹம்ஃப்ரியும் அதே கடைச் சரக்குதானே? நல்ல ஆள் வந்தாரா கெட்ட ஆள் வந்தாரான்னு பாத்தா ரெண்டு முறைக்கும் மார்க் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அதனால நான் வேற ஒரு டெஸ்ட் வெக்கிறேன். தோத்தவனும் அவனுக்கு ஓட்டுப் போட்டவனும் 'சரி, எண்ணிப் பாத்துத்தான் தோத்தோம்'னு ஒத்துக்கிட்டு வீட்டுக்குப் போக முடியுதா? 2008-ல ஒபாமாவும் ஹிலாரியும் ஜூன் வரைக்கும் மல்லுக்கட்டினாங்க. கடைசில ஹிலாரி விலகி, ஒபாமாவுக்கே பிரசாரம் பண்ணினார். எண்ணிக்கை எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்ததாலதான் அது நடந்தது. மூடின கதவுக்குப் பின்னாடி முடிவு பண்ணியிருந்தா கட்சி அன்னிக்கே ரெண்டா உடைஞ்சிருக்கும். அதனால பிரைமரி இருக்கட்டும்ங்கறதுதான் என் கட்சி.

ஆனா ரெண்டு பக் இன்னும் அப்படியே இருக்கு.

முதலாவது, வரிசை. 1972-லேர்ந்து ரொம்ப காலம் அயோவாதான் ஆரம்பம். நாட்டு ஜனத்தொகையில ஒரு சதவீதம் இருக்கிற, பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழற மாநிலம். அதுவும் காக்கஸ் முறை. ஜனவரி, பிப்ரவரிக் குளிர்ல ராத்திரி நேரத்துல நேர்ல போய் உட்காரணும். நைட் ஷிஃப்ட் பாக்கற நர்ஸ் என்ன பண்ணுவார்? அங்கேயும் நியூ ஹாம்ப்ஷயர்லயும் அடி வாங்கினவங்க பல பேர் மத்த மாநிலத்துக்காரன் ஓட்டுப் போடறதுக்குள்ள மூட்டை கட்டிடுவாங்க. 2020-ல அயோவா ஜனநாயகக் கட்சி முடிவுகளை அனுப்ப ஒரு செல்போன் ஆப் வெச்சாங்க. சரியா டெஸ்ட் பண்ணாம நேரா புரொடக்‌ஷன்ல விட்டதுல, முடிவு வர நாள் கணக்காச்சு. நம்ம பொழப்பு சிரிப்பாச் சிரிச்ச நாள் அது :-( 2024-ல அந்தக் கட்சி தென் கரோலினாவை முதல்ல வெச்சது. நியூ ஹாம்ப்ஷயர் கேக்காம அதுக்கு முன்னாடியே நடத்திடுச்சு. யார் முதல்ங்கறதை நிரந்தரமா ஒருத்தருக்குக் கொடுத்தா சண்டைதான். பகுதி பகுதியா பிரிச்சு, ஒவ்வொரு தேர்தலுக்கும் சுழற்சி முறையில மாத்தலாம்னு மாநிலச் செயலாளர்கள் சங்கம் எப்பவோ யோசனை சொல்லியாச்சு. கேக்கத்தான் ஆள் இல்லை.

ரெண்டாவது பக், 2024 ஜூலைல வெடிச்சது. பிரைமரில பைடனுக்குச் சுமார் 1.4 கோடி ஓட்டு. ஜூன் 27 விவாதத்துல தடுமாறினார், ஜூலை 21 விலகினார். மறுநாள் ராத்திரிக்குள்ள கமலா ஹாரிஸுக்குத் தேவையான டெலிகேட் ஆதரவு சேர்ந்துடுச்சு. ஆகஸ்ட் முதல் வாரம் ஆன்லைன்ல ஓட்டெடுப்பு, போட்டி வேட்பாளரே இல்லை. மன்னார்குடி பக்கத்துல அவங்க தாத்தா ஊர் துளசேந்திரபுரத்துல கோயில்ல பூஜை எல்லாம் பண்ணினாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்ப் பொண்ணுங்கறதுக்காகக் கேள்வியை விட்டுட முடியுமா?

விதிப்படி எதுவும் தப்பில்லை. வேட்பாளர் விலகினா டெலிகேட்டுங்க சுதந்திரம், அவங்க யாருக்கு வேணா போடலாம். ஆனா அந்த டெலிகேட்டுங்களைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு ஒரு விவாதம்கூடக் காட்டலை, ரெண்டு பேரை ஒப்பிட்டுப் பாக்க ஒரு வாரம்கூடக் கொடுக்கலை. 1968-ல கேட்ட அதே கேள்வியை 56 வருஷம் கழிச்சுக் கேக்க வெச்சுட்டாங்க. மாநாடு நடந்ததும் அதே சிகாகோதான். நவம்பர்ல ஹாரிஸ் தோத்ததுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை, அதுக்கு விலைவாசிலேர்ந்து ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா அவர் ஜெயிச்சிருந்தாலும் இந்த ஓட்டை ஓட்டைதான்.

பிரைமரி முடிஞ்சப்புறம் வேட்பாளர் விலகினா, இறந்தா என்ன பண்ணணும்? எத்தனை நாள் அவகாசம், எத்தனை விவாதம், போட்டியிட எத்தனை கையெழுத்து? இதை யார் நிக்கறாங்கன்னே தெரியாத நேரத்துலயே எழுதி வெச்சுடணும். ஆள் தெரிஞ்சப்புறம் எழுதற விதி விதியே இல்லை, அந்த ஆளுக்குத் தெச்ச சட்டை. எக்ஸப்ஷன் ஹேண்ட்லிங் இல்லாத கோடை யாராவது ரிலீஸ் பண்ணுவாங்களா? சரி சரி, நாம பண்ணுவோம். ஆனா ஒரு நாட்டோட அதிபரைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்துல பண்ணக்கூடாது.

பெருந்தலைகள் வடிகட்டறதே மேல்னு நினைக்கறவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம். ஆட்டோ மட்டும் வேண்டாம் :-)