யார் எழுவாய்?

வாணியம்பாடியில் உருது வழியில் பள்ளி முடித்து வந்த மாணவி ஒருத்தி, ஆங்கில வினைச்சொற்களுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தாள். முதல் கட்டத்தில் ஆங்கிலம், அடுத்ததில் உருது. மூன்றாவது கட்டத்தில் தமிழ் எழுத என்னிடம் வருவாள். அன்று வந்த சொல் 'டைவர்ஸ்'. உருதுக் கட்டத்தை வாசித்துக் காட்டினாள்: 'தலாக் தேனா'. தலாக் கொடுத்தல்.

"'ஷீ டைவர்ஸ்டு ஹிம்'னு இங்கிலீஷ் மிஸ் எழுதிப் போட்டாங்க மேடம். உருதுல எழுதினா ஆளே மாறிடுது."

எழுதியதைப் படித்தாள்: 'உஸ் நே உஸே தலாக் தீ'. 'உஸ்' என்பது அவனாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். உருதுவின் படர்க்கைப் பெயர் பால் காட்டாது. வினையும் கொடுப்பவரைப் பார்த்து மாறவில்லை; தலாக் பெண்பால் பெயர் என்பதால் அதற்கேற்ப 'தீ' என்று முடிகிறது. இலக்கணப்படி அவள் கொடுத்ததாகவே படிக்கலாம். ஆனால் அவள் வீட்டில் யாரிடம் வாசித்தாலும், அவன் அவளுக்குக் கொடுத்தான் என்றுதான் காதில் விழும். இலக்கணம் திறந்து வைத்த கதவை வழக்கம் சாத்திவிட்டது.

பெண்ணுக்கு வேறு வினை இருக்கிறது: 'குலா லேனா'. குலா வாங்குதல். அவன் கொடுப்பான், அவள் வாங்குவாள். மணவிலக்குப் பெற்றவளுக்கு 'முதல்லகா' என்று பெயர். விடப்பட்டவள் என்று பொருள். விட்டவனுக்கு அப்படி ஒரு பெயர் உண்டா என்றேன். யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள்.

பாகிஸ்தானின் நிக்காஹ் படிவத்தில் 18ஆவது கட்டம் ஒன்று உண்டு. தலாக் உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைத்திருக்கிறானா என்று அது கேட்கிறது. ஷரீஅத் அனுமதிக்கும் உரிமைதான். மணப்பெண்ணைக் கேட்காமலே அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு போடுவது அங்கே சகஜம். ஒரு பேனாக் கோட்டில் ஒரு வினைச்சொல் போய்விடுகிறது.

'பார்த்தீர்களா, அவர்கள் அப்படித்தான்' என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். முத்தலாக் சொன்னவனை மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்பலாம் என்கிறது நமது 2019 சட்டம். அதிலும் எழுவாய் அவன்தான். அவன் சொன்னான், அவன் சிறைக்குப் போனான். தலாக் கொடுப்பவளாக அவளுக்கு அங்கே இடமில்லை.

என் தமிழ் மட்டும் என்ன யோக்கியம்? 'தள்ளி வைத்தான்' என்று சொல்லிப் பழகிய வாய்க்குத் 'தள்ளி வைத்தாள்' வருவதில்லை. 'வாழாவெட்டி'க்கு ஆண்பால் கிடையாது. ஓதலுக்கும் பகைக்கும் தூதுக்கும் பிரிந்து போகத் தலைவனுக்கு இலக்கணம் வகுத்தார்கள். தலைவிக்குக் கொடுத்த வினை இருத்தல். இருபது வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன். பாதி வருடங்கள் அழகியல் என்று சொல்லித்தான் நடத்தினேன்.

அகராதி செய்கிறவர்களும் பாடநூல் எழுதுகிறவர்களும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் திருப்பிப் போடட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஃபத்வாவும் வேண்டாம்.

மூன்றாவது கட்டத்தில் 'விவாகரத்து செய்' என்று எழுதச் சொன்னேன். அதில் 'விவாகம்' சமஸ்கிருதம். 'ரத்து' உங்கள் வீட்டுச் சொல், அரபியில் இருந்து வந்தது என்றதும் சிரித்தாள். பிறகு அவளாகவே கீழே எழுதினாள்: 'அவள் அவனை விவாகரத்து செய்தாள்.'

உருது வாக்கியத்தை அடித்துவிட்டு, 'உஸ்' இல்லாமல் மறுபடி எழுதினாள். 'பீவி நே ஷௌஹர் கோ தலாக் தீ.' மனைவி கணவனுக்குத் தலாக் கொடுத்தாள்.