பெயரும் வேண்டும், அனுமதியும் வேண்டும்

காலையில் கைபேசியைத் திறந்தால் நீளமான ஒரு கட்டுரை வந்து கிடக்கிறது. மேலே ‘படித்ததில் பிடித்தது’. கீழே ‘நன்றி: வாட்ஸ்அப்’. இடையில் இருக்கும் எழுத்து யாருடையது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிய நினைவாக இருக்கலாம், தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஓர் ஊரின் வரலாறாக இருக்கலாம், நீரிழிவு பற்றிய மருத்துவக் குறிப்பாக இருக்கலாம். ஒருவர் உட்கார்ந்து யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியது அது. கைமாறும் வழியில் அவர் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது. அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார். படித்தவரும் மனம் நெகிழ்ந்து இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். இதில் என்ன தவறு என்று கேட்பவர்களே அதிகம்.

தவறு இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. எழுதியவரின் பெயரை மறைப்பது முதல் தவறு. அவரைக் கேட்காமல் எழுத்து முழுவதையும் எடுத்துக்கொள்வது இரண்டாவது தவறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான், பெயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நாகரிகமும் அப்படிச் சொல்லவில்லை.

பெயர் தொலைந்ததும் கிடைத்ததும்

1997 ஜூன் 1 அன்று ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழில் பத்தி எழுத்தாளர் மேரி ஷ்மிச், பட்டம் பெறும் மாணவர்களுக்குச் சொல்வதுபோலக் கற்பனை உரை ஒன்றை எழுதினார். வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளச் சொல்லும் அறிவுரை அதன் மையம். ஓரிரு மாதங்களுக்குள் அந்தப் பத்தி மின்னஞ்சல் வழியே உலகைச் சுற்றியது. ஆனால், ஷ்மிச்சின் பெயரில் அல்ல. அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட், அந்நாட்டின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை என்று சொல்லி அதை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு எம்.ஐ.டி.யில் பட்டமளிப்பு உரை ஆற்றியவரோ ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான்.

அதே மின்னஞ்சல் ஆஸ்திரேலியத் திரைப்பட இயக்குநர் பாஸ் லர்மனின் குழுவினருக்கும் வந்தது. அதை இசையோடு ஒலிப்பதிவு செய்ய அவர்கள் ஆசைப்பட்டார்கள். அதற்கு அனுமதி வாங்க வேண்டுமே என்று இணையத்தில் தேடத் தொடங்கியபோதுதான் அது வானகட்டின் உரையே அல்ல என்பது தெரியவந்தது. ஷ்மிச்சிடம் அனுமதி பெற்றுப் பதிவுசெய்தார்கள். 1999இல் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது.

அந்த மின்னஞ்சலைப் படித்து ரசித்த எத்தனையோ பேருக்கு, எழுதியவர் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்குத்தான் அது தோன்றியது. கேட்டுவிட்டு எடுக்கும் பழக்கம் இருக்கும் இடத்தில் எழுதியவரின் பெயர் தொலைவதில்லை. தொலைந்திருந்தாலும் மீண்டு வருகிறது.

தமிழில் இன்றும் அப்துல் கலாம் பெயரில் அவர் சொல்லாத பொன்மொழிகள் உலவுகின்றன. இதில் இருவருக்கு அநீதி நடக்கிறது. சொன்னவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. சொல்லாதவர் மீது அந்தச் சொல் ஏற்றப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. பதிப்புரிமைக் குறியும் போட்டிருக்க வேண்டியதில்லை. அச்சில் வந்த நாவலுக்கும் முகநூலில் எழுதிய நான்கு பத்திக்கும் காப்பு ஒன்றுதான். எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருப்பதால் ஓர் எழுத்து பொதுச்சொத்து ஆகிவிடுவதில்லை. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த ஆண்டு முடிந்து மேலும் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். முன்பு இது 50 ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கான காப்பு முடிவுக்கு வந்த தறுவாயில்தான் காலம் 60 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. 1954இல் மறைந்த கல்கியின் எழுத்து இன்று எல்லோருக்கும் பொது. 2008இல் மறைந்த சுஜாதாவின் எழுத்துக்குச் சட்டக் கணக்குப்படி 2068 முடியும்வரை காப்பு உண்டு. அவருடைய நாவலின் பிடிஎஃப் கோப்பை டெலிகிராம் குழுவில் போடுவதும், வாழும் எழுத்தாளரின் சிறுகதையைக் கேட்காமல் யூடியூபில் வாசித்து வெளியிடுவதும் வாசகச் சேவை ஆகாது. படியெடுப்பது, ஒலிப்பதிவு செய்வது, மொழிபெயர்ப்பது எல்லாம் எழுதியவரின் உரிமைகள் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது.

பெயர் பற்றிய உரிமை இதிலிருந்து வேறு. அது 57ஆம் பிரிவில் இருக்கிறது. பதிப்புரிமையை முழுதாக விற்றுவிட்டவர்கூட, இதைப் படைத்தவர் நான் என்று சொல்லும் உரிமையை இழப்பதில்லை. தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்கும். டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் தொடுத்த வழக்கில், சிதைந்ததை அவரிடமே திருப்பிக் கொடுத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கிய அரசுக்கே இந்த வரம்பு உண்டு என்றால், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி முன்னே போனது. படைப்போடு சேர்ந்திருக்கும் ஆசிரியர் பெயர் போன்ற உரிமைத் தகவலை அனுமதியின்றி, தெரிந்தே நீக்கினால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்கிறது 65பி பிரிவு. கடைசி வரியில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டு அனுப்பும் கை, மரியாதையை மட்டும் மீறவில்லை.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்துவிட்டதால் அந்த நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால், ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு யாரும் அச்சிட முடியாது.

நன்றி போட்டால் போதுமா?

2010இல் அமெரிக்காவில் ‘குக்ஸ் சோர்ஸ்’ என்ற சிறு சமையல் இதழ், ஒரு பெண் தன் இணையதளத்தில் எழுதியிருந்த கட்டுரையை அவர் பெயரோடுதான் வெளியிட்டது. இடைக்கால ஆப்பிள் பலகாரம் பற்றிய கட்டுரை அது. தன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றார் அவர். மன்னிப்பும், ஓர் இதழியல் கல்லூரிக்கு 130 டாலர் நன்கொடையும் போதும் என்றார். இணையத்தில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து, பிழை திருத்திப் போட்டதற்கு நீங்கள்தான் நன்றி சொல்ல வேண்டும் என்ற பொருளில் ஆசிரியர் பதில் எழுதினார். அந்தப் பதில் வெளியே வந்ததும் வாசகர்கள் கொதித்தார்கள், விளம்பரதாரர்கள் விலகினார்கள். அந்த நவம்பர் மாதத்திலேயே இதழ் மூடப்பட்டது. பெயர் போட்டும் தவறுதான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்வு குறைவு.

பெயரோடு முழுக் கட்டுரையையும் ஒட்டும்போது எழுதியவருக்கு என்ன ஆகிறது? வாசகர் அவரிடம் போக வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. பாராட்டும் கேள்வியும் ஒட்டியவரின் பக்கத்தில் குவிகின்றன. தமிழில் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு எழுத்தால் கிடைக்கும் ஒரே வருவாய் வாசகர்தான். இன்று கட்டுரையைப் படித்தவர் நாளை புத்தகம் வாங்குவார், கூட்டத்துக்கு அழைப்பார், அடுத்ததை எழுதச் சொல்லிக் கேட்பார். அந்த வாசகரையும் வழிமறித்து வேறு பக்கம் திருப்பிவிட்டு, ‘நல்லதைத்தானே பரப்பினோம்’ என்று சொல்வது நியாயமில்லை.

இழப்பு எழுதியவருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் காய்ச்சல் மருந்தின் அளவு பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் எடையைப் பொறுத்து அளவு மாறும் என்று மூன்றாவது பத்தியில் எச்சரிக்கிறார். நீளமாக இருக்கிறதென்று யாரோ அந்தப் பத்தியை நீக்குகிறார். இன்னொருவர் தேதியை விட்டுவிடுகிறார். மருத்துவர் தன் பதிவில் பிறகு ஒரு திருத்தம் சேர்க்கிறார். ஆனால், ஊர் சுற்றும் நகல்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர வழியே இல்லை. படிக்கும் தாய்க்குச் சந்தேகம் வந்தால், கேட்க ஒரு பெயர்கூட இல்லை. பொறுப்பேற்க ஆளில்லாத எழுத்தை நம்பி ஒரு வீடு மருந்து கொடுக்கிறது.

எப்படிப் பகிர்கிறோம் என்பதில்தான் இதெல்லாம் இருக்கிறது. முகநூலில் ‘ஷேர்’ பொத்தானை அழுத்தினால் எழுதியவர் பெயரும் மூலப் பதிவுக்கான வழியும் கூடவே வரும்; அவர் திருத்தினால் திருத்தியது தெரியும், நீக்கினால் நீங்கிவிடும். நகலெடுத்து ஒட்டினால் இவை அத்தனையும் அறுந்துபோகும். ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் தங்கும்; ஆனால், எழுதியவரே வேண்டாம் என்று எடுத்துவிட்டது அதில் சாகாமல் இருக்கும். வாட்ஸ்அப் 2018இல் கொண்டுவந்த ‘ஃபார்வர்டு’ அடையாளம், அனுப்பியவர் எழுதியதல்ல என்று சொல்லுமே தவிர, எழுதியவர் யார் என்று சொல்லாது.

நண்பர்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட பதிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். கவிஞர் அலெக்சாண்டர் போப் எழுதிய கடிதங்களை லண்டன் பதிப்பாளர் எட்மண்ட் கர்ல் கேட்காமல் அச்சிட்ட வழக்கில், 1741லேயே ஆங்கிலேய நீதிமன்றம் ஒரு தெளிவைத் தந்துவிட்டது: கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதை வெளியிடும் உரிமை எழுதியவருக்குச் சொந்தம். ஒரு பெண் தன் கருச்சிதைவைப் பற்றி நாற்பது தோழிகளுக்காக எழுதியதை, ‘கண் கலங்கிவிட்டேன்’ என்ற குறிப்போடு நாலாயிரம் பேர் முன் வைப்பவர் இந்தத் தெளிவுக்கு வந்தாக வேண்டும்.

எதற்குத் தடை இல்லை?

இவ்வளவு சொல்லும்போது, பகிர்வதே குற்றமோ என்ற பயம் வரக்கூடாது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அது சொல்லப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உறுதிப்படுத்தியது. படித்த கருத்தை நம் சொற்களில் எழுதி, யாரிடம் படித்தோம் என்று சொல்லலாம். விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நடப்புச் செய்திக்கும் தேவையான அளவு மேற்கோள் காட்ட 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இத்தனை சொல் வரை என்ற கணக்கு சட்டத்தில் இல்லை; நோக்கமும் அளவும் நியாயமாக இருக்க வேண்டும். தன்னை விமர்சிப்பவரின் வாயை அடைக்கப் பதிப்புரிமையைக் கையில் எடுக்கும் எழுத்தாளரும் தவறுதான் செய்கிறார்.

தாங்களாகவே கதவைத் திறந்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளும், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் மின்னூல்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. கேட்காமலே எடுக்கலாம், மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. அனுமதியைத் தாராளமாகத் தருபவர்கள்கூடப் பெயரை விட்டுக்கொடுப்பதில்லை.

இது மேற்கிலிருந்து இறக்குமதியான கவலையும் அல்ல. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் அடுக்கும்போது, ஆக்கியோன் பெயரைத்தான் முதலில் வைக்கிறது. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில், ஏட்டுச் சுவடி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் எழுதிவைத்தார். எழுதியவர் யார், எங்கிருந்து கிடைத்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டே நூலைத் தந்த மரபு இது. ஓலையைத் தேடி மாட்டு வண்டியில் அலைந்த காலத்தில் முடிந்தது, விரல் நுனியில் தேடுபொறி இருக்கும் காலத்தில் முடியாது என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

பொது வெளியில் இருக்கும் பதிவு பிடித்திருந்தால் இணைப்பைக் கொடுங்கள். ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். வேண்டுமானால் ஒரு பத்தியை மேற்கோளாகத் தாருங்கள். முழுதாக வேண்டுமென்றால் எழுதியவரிடம் கேளுங்கள். உள்பெட்டியில் ஒரு வரி போதும். பதில் வராவிட்டால் அது சம்மதம் ஆகாது. பெயரில்லாமல் வந்தால், அதில் வரும் ஒரு தொடரைத் தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், எழுதியவர் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லுங்கள். மருத்துவம், சட்டம், பணம் பற்றியதென்றால் அனுப்பாமல் விடுங்கள்.

குழு நிர்வாகிகள் இதை ஒரு விதியாகவே வைக்கலாம். விழா மலர்களுக்கும் இணைப்பிதழ்களுக்கும் பக்கம் நிரப்புகிறவர்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். ‘நன்றி: இணையம்’ என்று அச்சிடுவது யாருக்கும் நன்றி சொல்வதாகாது. எழுதியவரைக் கேட்டு, பெயர் போட்டு, முடிந்த சன்மானத்தைத் தருவதுதான் இதழ் நடத்துவோரின் அடிப்படை ஒழுக்கம். எழுதுபவர்களும் தங்கள் பக்கத்தில் எதை எடுக்கலாம், எதற்குக் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வழக்கு, அபராதம், சிறை எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால், ஓர் ஆசிரியையோ விவசாயியோ செவிலியரோ தன் நான்கு பத்திக்காக நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை. பேசாமல் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். இணையம் வந்த பிறகு, பத்திரிகை அலுவலக வாசலையே மிதிக்காத ஆயிரக்கணக்கானோர் தமிழில் எழுத வந்தார்கள். தமிழ் உரைநடைக்கு இந்தத் தலைமுறையில் கிடைத்த பெரிய வரவு அவர்கள். அவர்களுக்கு நாம் தரக்கூடிய மரியாதை எளியது: எழுதியவர் யார் என்று சொல்வது, எடுப்பதற்கு முன் கேட்பது. இவ்விரண்டையும் செய்ய நேரமில்லை என்பவருக்கு, அந்த எழுத்தைப் பகிரும் உரிமையும் இல்லை.