கண்மாய் மீன் கணக்கை இறாலுக்குப் போடாதீங்க

குடுமியான்மலைப் பக்கம் வீடுகள்ல மீன்னா ரெண்டு வகை. ஒண்ணு கண்மாய் மீன்: கெண்டை, விரால், ஜிலேபி. இன்னொண்ணு அறந்தாங்கி தாண்டி கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துல இருந்து ஐஸ் பெட்டியில வர்ற கடல் சரக்கு: மீன், இறால், நண்டு. ரெண்டும் வேற வேற பொருள். ஆனா சமைக்கிற விதம் ஒண்ணுதான். கெட்டியான புளி, கை நிறைய மிளகாய்த்தூள், மேல எண்ணெய் மிதக்கிற மாதிரி ஒரு குழம்பு. கண்மாய் மீனுக்கு இது சரியான முறை. இறாலுக்கும் நண்டுக்கும் இது அநியாயம்னு நான் நினைக்கிறேன். இந்த மழைக்காலத்துல ஒரு தடவையாவது அதை காளானோட சேர்த்து, தண்ணியா ஒரு சூப் வெச்சுக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் என்கூட சண்டைக்கு வாங்க.

"பாட்டி காலத்துக் குழம்பு, நீ யாருடா அதைக் குறை சொல்ல?" அப்படின்னு கேக்கறது காதுல விழுது. பாட்டி மேல எந்தக் குறையும் இல்லை. அவங்க பண்ணினது சுத்தமான கெமிஸ்ட்ரி. கண்மாய் மீன்ல ஒரு சேறு வாசம் வரும் இல்லையா? அதுக்குக் காரணம் ஜியோஸ்மின். குளத்துல இருக்கற நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாவும் அதை உண்டாக்குது, மீன் செவுள் வழியா உள்ள வாங்கிக்குது. மழை பெய்ஞ்சதும் வர்ற மண்வாசனையும் இதே பொருள்தான். தண்ணியில லட்சம் கோடியில சில பங்கு இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சிடும். அமிலம் பட்டா ஜியோஸ்மின் சிதைஞ்சு வாசம் போயிடும். புளி ஊத்தறது அதனாலதான் வேலை செய்யுது. லேப் எதுவும் இல்லாம இதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு.

கடல்ல பிடிச்ச இறால்ல இந்தச் சேறு வாசம் கிடையாது. அங்க வர்ற நாத்தம் வேற: பிடிச்சு நேரமாக ஆக, பாக்டீரியா உண்டாக்குற ட்ரைமெத்திலமைன். அதையும் புளி அடக்கும், உண்மைதான். ஆனா அப்படி அடக்க வேண்டிய நிலைமையில இருக்கற இறாலை வாங்கறதே தப்பு. நல்ல இறாலோட சுவை ஒரு மெல்லிய இனிப்பு, கிளைசின்ங்கற அமினோ அமிலம் தர்றது. அரை எலுமிச்சை அளவு புளியும் நாலு ஸ்பூன் மிளகாய்த்தூளும் விழுந்தா, அந்த இனிப்பு இருந்த இடமே தெரியாது. காளானுக்கும் நாம இதையேதான் பண்றோம். காளான் மசாலான்னு ஆர்டர் பண்ணிட்டு, மசாலாவை மட்டும் சாப்பிட்டுட்டு வர்றோம்.

சரி, இறாலோட ஏன் காளான்? 1908-ல டோக்கியோவுல கிகுனே இகேடாங்கற வேதியியல் பேராசிரியர், கொம்புங்கற கடற்பாசி சூப்புக்கு எங்க இருந்து சுவை வருதுன்னு தேடி குளுட்டமேட்டைப் பிரிச்சு எடுத்தார். அந்தச் சுவைக்கு உமாமின்னு பேர் வெச்சதும் அவர்தான். 1913-ல அவரோட மாணவர் கொடாமா, கருவாடாக் காய வெச்ச சூரை மீன்ல இருந்து ஐனோசினேட்டைக் கண்டுபிடிச்சார். குவனிலேட்டுக்கும் அதே சுவை இருக்குன்னு 1957-ல அகிரா குனினாகா காட்டினார். உலர்ந்த ஷிட்டாகே காளான்ல இருக்கறது அதுதான். இந்தக் கதையில நமக்கு வேண்டிய இடம் இது: குளுட்டமேட்டும் இந்த நியூக்ளியோடைடு வகைகளும் சேரும்போது சுவை கூட்டல்ல ஏறாது, பெருக்கல் மாதிரி ஏறும். காளான்ல குளுட்டமேட் நிறைய இருக்கு. மீன்ல ஐனோசினேட், இறால் நண்டுல அடினிலேட். தனித்தனியா சாதாரணமா இருக்கற ரெண்டு பொருள், ஒரே பாத்திரத்துல போட்டா வேற ஆளா மாறிடுது. (எங்க ஊர்க் குன்றுல இருக்கற இசைக் கல்வெட்டுலயும் சுரங்களை நாலு நாலா சேர்த்துத்தான் வெட்டியிருக்காங்க. ஊர்ப் பெருமையை எங்கயாவது நுழைக்கணும்ல, மன்னிச்சுடுங்க.)

ஹாஸ்டல்ல வெந்நீர் ஊத்திக் குடிக்கிற சூப் பாக்கெட்டைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படிங்க. பெரும்பாலும் சோளமாவு, சர்க்கரை, உப்பு இருக்கும். கூடவே சுவையூட்டி 627, 631ன்னு எண்கள் இருக்கலாம். 627 குவனிலேட், 631 ஐனோசினேட். அதாவது காளானும் மீனும் பண்ணற வேலையை எண் போட்டு உள்ள வெச்சிருக்காங்க. விஷம்னு வாட்ஸ்அப்ல வர்ற மாதிரி நான் சொல்ல மாட்டேன், மூலக்கூறு அதேதான். ஆனா நகலுக்குக் காசு குடுக்கறோம், அதுவும் சோளமாவுக் கஞ்சியில கலந்து. சூப்னா கெட்டியாத்தான் இருக்கணும்னு நம்மளைப் பழக்கினதும் இந்தச் சோளமாவுதான். ரசம் குடிச்சு வளர்ந்த நாம இதை நம்பினதுதான் எனக்கு ஆச்சரியம்.

காளான்னா ஊட்டியில இருந்துதான் வரணும்னு இல்லை. மொட்டுக் காளானுக்குத்தான் குளிர் வேணும். பால் காளான் 30, 35 டிகிரி வெயில்லயும் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட அருப்புக்கோட்டை நிலையத்துல இருந்து வந்த ஏ.பி.கே. 2 ரகம் அப்படிப்பட்டது. வைக்கோலை வேகவெச்சு பாலித்தீன் பையில அடைச்சா அதுதான் படுக்கை. வைக்கோலுக்கும் வெயிலுக்கும் புதுக்கோட்டையில பஞ்சமா? சூப்புக்கு சிப்பிக் காளானும் ரொம்ப நல்லா இருக்கும். ஒண்ணு மட்டும்: மழைக்குப் புற்றுல முளைக்கறதை நீங்களா பறிச்சுட்டு வராதீங்க. அடையாளம் தெரிஞ்ச பெரியவங்க கூட இல்லைன்னா கடைக் காளான் போதும்.

இப்போ செய்முறை, நாலு பேருக்கு. கால் கிலோ இறாலைத் தலையோட வாங்குங்க. தலையையும் ஓட்டையும் தனியா எடுத்து வைங்க, முதுகுல இருக்கற கருப்பு நரம்பை மட்டும் எடுத்து எறிங்க. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில தலையும் ஓடும் நல்லா சிவக்கற வரைக்கும் வதக்குங்க. தலைக்குள்ள இருக்கற ஆரஞ்சுக் கொழுப்பைக் கரண்டியால நசுக்கி விடுங்க, சூப்போட உயிரே அதுதான். தட்டின பூண்டு நாலு பல், சின்ன வெங்காயம் எட்டு, ஒரு துண்டு இஞ்சி, கொத்தமல்லித் தண்டு போட்டு ஒரு லிட்டர் தண்ணி ஊத்துங்க. சின்னத் தீயில இருபது நிமிஷம். அதுக்கு மேல கொதிச்சா கசப்பு எட்டிப் பார்க்கும். வடிகட்டுங்க.

அந்த இருபது நிமிஷத்துல காளான் வேலை. 200 கிராம் காளானைக் கத்தி வைக்காம கையால கிழிச்சு, எண்ணெய் இல்லாத சூடான சட்டியில போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. காளான்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. அது வெளிய வந்து வத்தி, ஓரம் பழுப்பாகற வரைக்கும் பொறுமையா இருங்க. இந்தப் படியைத் தாண்டிட்டு நேரா சூப்புல போட்டா ரப்பர் துண்டு மாதிரி மிதக்கும். குழைஞ்சிடுமோன்னு பயப்பட வேண்டாம். காளானோட செல் சுவர்ல இருக்கறது கைட்டின், இறால் ஓட்டுல இருக்கறதும் அதே கைட்டின். அவ்வளவு சீக்கிரம் கரையாது.

வடிகட்டின சாறு, காளான், உப்பு எல்லாம் சேர்ந்து ஒரு கொதி வந்ததும் இறால் சதையைப் போடுங்க. ரெண்டு நிமிஷம், சுருண்டு நிறம் மாறினதும் அடுப்பை அணைச்சிடுங்க. ஒரு ஸ்பூன் மிளகை அப்பவே இடிச்சுத் தூவி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, அரை மூடி எலுமிச்சை. ஆமா, கடைசியில புளிப்பு சேர்க்கத்தான் செய்றேன். ஆனா அது சுவையைத் தூக்கிக் காட்ட, மூடி மறைக்க இல்லை. நண்டு கிடைச்சா காலை மட்டும் தட்டி சாறுல போடுங்க. இறால் ஒத்துக்காதவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம், ஓட்டுச் சாறும் ஆபத்துதான். சளி பிடிச்சவங்களுக்கு மூக்கு கொஞ்சம் திறக்கும், அது மிளகும் ஆவியும் பண்ற வேலை. சளியைக் குணமாக்கும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

விலையைப் பத்தியும் பேசணும். பாக் விரிகுடாவுல பிடிக்கிற நீல நண்டோட சதை வேகவெச்சு உரிச்சு, டப்பாவுல அமெரிக்கா வரைக்கும் போகுது. பெரிய இறாலும் ஏற்றுமதிக்குத்தான். அதே கடலுக்குப் போற கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படைகிட்ட சிக்கற செய்தியை நாம மாசா மாசம் ஸ்க்ரோல் பண்ணித் தள்ளிட்டுப் போறோம். இவ்வளவு தாண்டி நம்ம ஊர் வரைக்கும் வர்றது பெரும்பாலும் சின்ன இறால். அதை உரிச்சுத் தலையைக் குப்பையில போட்டா, எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல அங்கயே போயிடுது. குழம்புக்குத் தலை வேண்டாம், தொந்தரவு. சூப்புக்கு அதுதான் முதல் சரக்கு.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை, அப்போ கண்மாய் மீனும் புளிக்குழம்பும் இருக்கவே இருக்கு. ஐப்பசி மழையில வண்டிக்காரர் ஹாரன் அடிச்சா இறங்கிப் போங்க. "உரிக்க வேண்டாம்ணே, தலையோடயே போடுங்க"ன்னு சொல்லுங்க. பக்கத்து வீட்டு அக்கா உரிச்சு வாங்கறாங்கன்னா, அந்தத் தலையையும் கேட்டு வாங்கிக்கோங்க. ஒரு மாதிரி பார்ப்பாங்க, பரவாயில்லை.