கேள்வி தவறினால் கணக்கும் தவறும்



சிட்டையும் பேரேடும் எழுதித் தொழில் கற்றவர்கள் நாங்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எங்கள் மண்டியிலும் கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. இப்போது இணையம் வழியே எங்கிருந்தும் பாக்கிப் பட்டியல் பார்க்கிறோம். வசதிதான். ஆனால் அதே பட்டியல் ஒரு நாள் எங்களைத் தலைகுனிய வைத்தது.

முப்பது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், 48,000 ரூபாய் பில்லுக்கு 20,000, 10,000 என்று இரண்டு தவணை கட்டியிருந்தார். பாக்கி 18,000. கம்ப்யூட்டரோ 66,000 என்றது. கடைப் பையன் அதை நம்பி, போனில் கறாராகப் பேசிவிட்டான். மறுநாள் அவர் ரசீதுகளோடு நேரில் வந்துவிட்டார். "அண்ணாச்சி, என்னை நம்பலையா?" என்றார். கூசிப் போனோம்.

மென்பொருள்காரரை வரவழைத்தோம். பதிவில் பிழை இல்லை. கேள்வியில்தான் பிழை என்றார். பில்கள் ஓர் அட்டவணையிலும், வரவுகள் வேறோர் அட்டவணையிலும் இருக்கின்றன. இரண்டையும் அப்படியே இணைத்துக் கேட்டால், இரண்டு வரவு உள்ள பில் இரண்டு வரியாக வரும். 48,000 என்பது 96,000 ஆகும். 30,000 கழிய 66,000! வரவுகளை முதலில் பில்வாரியாகக் கூட்டி, பிறகு இணைத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

இன்னும் இரண்டு இடங்களில் ஏமாறலாம். பில்லில் நேரமும் பதிவாகும்போது, '31-ந் தேதி வரை' என்று கேட்டால், அந்தத் தேதி பிறக்கும் நள்ளிரவோடு கம்ப்யூட்டர் நின்றுவிடக்கூடும். அன்றைய வியாபாரம் முழுவதும் விடுபடும். 'மதுரை அல்லாத ஊர்கள்' என்று கேட்டால், ஊர்ப்பெயர் பதியாமல் விட்டவர் அதிலும் வரமாட்டார். வெற்றிடத்துக்கு அது கொள்ளும் பொருள் 'தெரியாது' என்பதே.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பார்கள். மெய்தான், ஆனால் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். ஆகவே புதிய பட்டியல் எதையும் உடனே நம்பாதீர்கள். ஐந்து பேர் கணக்கைக் கையால் போட்டு ஒத்துப் பாருங்கள். தவணை கட்டியவர், சரக்கு திருப்பியவர், மாதக் கடைசியில் வாங்கியவர் அதில் கட்டாயம் இருக்கட்டும். பொருந்தாவிட்டால் மொத்தத் தொகையை விடுங்கள். ஒரே வாடிக்கையாளரின் வரிகளை மட்டும் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். எது இரட்டித்தது, எது விடுபட்டது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கடைக்காரர் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.