ஒரு வீட்டில் இரண்டு சீனி வருத்தக்காரர், ஒரு மெஷின்

கொஞ்சம் நீளமான பதிவு. சீனி வருத்தம் உள்ளவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் வாப்பாவுக்கும் சீனி, உம்மாவுக்கும் சீனி. இரண்டு பேருக்கும் டைப் டூ. இரண்டு வருடத்துக்கு முதல் நாங்கள் பிள்ளைகள் காசு சேர்த்து ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து அது வாப்பாவின் சொத்து. சுபஹ் தொழுதுவிட்டு வந்து, தேத்தண்ணி குடிக்க முதல் விரலில் குத்துவார். வந்த எண்ணை ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதுவார். 128, 134, 131, 126, 137. பக்கம் பக்கமாக இதுதான். அந்தக் கொப்பியைக் கிளினிக்கில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் நாங்களும் பார்த்ததில்லை. வாப்பா எடுப்பது மெற்போமின் மட்டும்.

உம்மா எடுப்பது மெற்போமினோடு கிளிக்ளசைட். விரலில் குத்துவோம் என்றால், "எனக்கென்னத்துக்குப் புள்ள, ஸ்ட்ரிப் முடிஞ்சி போகும், வாப்பாக்கு வேணும்" என்பா. நாங்களும் விட்டுவிடுவோம்.

கடந்த நோன்பில் ஒருநாள், அஸருக்குப் பிறகு, கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்ற உம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. தங்கச்சி ஏதோ கேட்க, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னா. அடுப்புச் சூடு என்றுதான் முதலில் நினைத்தோம். வாப்பாவின் மெஷினை எடுத்துக் குத்திப் பார்த்தால் 52. மஃரிபுக்கு இன்னும் 40 நிமிடம் இருந்தது. "பாங்கு சொல்லக் கொஞ்ச நேரந்தானே, இரிங்க" என்று வாயை மூடிக்கொண்டா. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கட்டாயப்படுத்தித்தான் பருக்கினோம். நோன்பு போய்விட்டதே என்று அழுதுகொண்டே குடித்தா. 15 நிமிடத்துக்குப் பிறகு திரும்பக் குத்த 81.

அன்று இரவு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருடமாக வீட்டில் மெஷின் இருக்கிறது. குத்தத் தேவையில்லாதவருக்கு ஒவ்வொரு நாளும் குத்தினோம், குத்த வேண்டியவரை விட்டுவிட்டோம். வாப்பாவிலும் பிழையில்லை, உம்மாவிலும் பிழையில்லை. மெஷினை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்த எங்களில்தான் பிழை. நான்கு எழுத்துப் படித்த பிள்ளைகள் நாங்கள், குளிசைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்க்கணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது, "நான் எடுக்கிற மருந்து எது?" என்பது. மெற்போமின் ஈரலிலிருந்து வெளியாகும் சீனியைக் குறைக்கிற மருந்து. அதை மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது மிக அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் அப்படியில்லை. சாப்பாடு வந்ததோ இல்லையோ, அவை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கும். இன்சுலின் ஊசி போடுபவருக்கும் இதே பயம் உண்டு. ஆகவே ஸ்ட்ரிப் முதலில் போய்ச் சேர வேண்டிய விரல்கள் இவர்களுடையவை. இவர்களில் ஓட்டோ, லொறி, பஸ் ஓட்டுகிறவர்கள் வண்டியை எடுக்க முதல் ஒருதரம் பார்க்கத்தான் வேண்டும். இரவில் மட்டும் ஒரு ஊசி போடுபவருக்குப் பொதுவாகக் காலையில் வெறும் வயிற்று எண் முக்கியம். நாளுக்குப் பல ஊசி போடுபவர் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முதலும் படுக்கப் போகும்போதும் பார்க்க வேண்டிவரும்.

மெற்போமின் மட்டும் எடுத்து, சீனி கட்டுப்பாட்டில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் குத்தத் தேவையில்லை. இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் எடுக்காத டைப் டூ நோயாளிகள் 450 பேரை ஒரு வருடம் பார்த்த ஆய்வு 2017 இல் வெளியானது. ஒவ்வொரு நாளும் குத்திப் பார்த்தவர்களுக்கும் குத்தாதவர்களுக்கும் வருட முடிவில் சீனிக் கட்டுப்பாட்டில் சொல்லும்படியான வித்தியாசம் இருக்கவில்லை. பிரித்தானிய மருத்துவ வழிகாட்டலும் டைப் டூ உள்ள எல்லோருக்கும் வழமையாக மெஷின் கொடுக்கச் சொல்லவில்லை. இன்சுலின் எடுப்பவர், சீனி இறங்கும் ஆபத்து உள்ளவர், கர்ப்பிணி என்று ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கச் சொல்கிறது.

ஏன் பலனில்லை என்பது ஆசிரியர்களான எங்களுக்கு உடனே விளங்க வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் கணிப்பீடு பற்றி எத்தனை மணித்தியாலம் படித்தோம்! புள்ளியைப் பார்த்து அடுத்த நாள் படிப்பித்தலை மாற்றாவிட்டால் அது கணிப்பீடே இல்லை, வெறும் பதிவு. வாப்பாவின் சீ.ஆர். கொப்பி அப்படியொரு புள்ளிப் பதிவேடு. 137 வந்த நாளும் பத்து இடியப்பம், 126 வந்த நாளும் பத்து இடியப்பம்.

நோன்பு முடிந்த பிறகு ஒரு கிழமைக்கு மட்டும் வாப்பாவின் ஸ்ட்ரிப்பை வேறு மாதிரிப் பாவித்தோம். சாப்பிட முதல் ஒரு குத்து, முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் இன்னொரு குத்து. ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு, அடுத்த நாள் பகல் சோற்றுக்கு, இப்படி மாறி மாறி. காலையில் 131 இருந்த மனிசனுக்கு இடியப்பத்துக்குப் பிறகு 243! இரண்டு வருடமாகக் காலை எண்ணைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தோம். இடியப்பத்தை ஐந்தாக்கி, ஒரு முட்டையும் கொஞ்சம் பருப்பும் வைத்தபோது 176. சாப்பிட்ட பிறகு 180க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள். கொப்பியில் இருந்த நூற்றுக்கணக்கான எண்கள் சொல்லாததை ஒரு கிழமை சொல்லிவிட்டது.

இந்த மெஷின்களுக்கு 15 வீதம் வரை கூடிக் குறையும் தன்மை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 140 என்று காட்டினால் உண்மை 120 ஆகவும் இருக்கலாம், 160 ஆகவும் இருக்கலாம். ஆகவே 131க்குச் சிரிப்பதும் 138க்கு முகம் சுருங்குவதும் தேவையில்லாத வேலை. (எங்கள் ஸ்டாஃப் ரூமில் சில சேர்மார் இதை ஸ்கோர் மாதிரிச் சொல்லிப் போட்டி போடுகிறார்கள்.) பேரீச்சம்பழம் பிய்த்த கையைக் கழுவாமல் குத்தினால் வருவது விரலில் ஒட்டிய சீனியின் எண்தான்.

இனிக் கிளினிக். 2018, 2019 காலத்தில் நாடு முழுவதும் செய்த ஆய்வொன்றில் வயது வந்தோரில் 100க்கு 23 பேருக்கு நீரிழிவு என்று வந்தது. அவ்வளவு சனத்தையும் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசமாகப் பார்க்கிறது, அல்ஹம்துலில்லாஹ். குறை சொல்ல வரவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு வெறும் வயிற்றுப் பரிசோதனையை வைத்து நாம் ஆடுகிற நாடகம் இருக்கிறதே! கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது பாவக்காய்ச் சாறு, சீனியில்லாத் தேத்தண்ணி, இரவில் இரண்டு பிஸ்கட். இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் முதல் கடையில் பால் தேத்தண்ணியும் பணிஸும். டொக்டரை ஏமாற்றிவிட்டோம் என்று நினைப்பு.

இந்த நாடகம் செல்லாத பரிசோதனைதான் எச்பிஏவன்சி. கிட்டத்தட்ட மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும். சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் வருடத்துக்கு இரண்டு தரம் போதும். மருந்து மாறியிருந்தால், அல்லது சீனி அடங்காமல் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருதரம். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதில்லை, வெளியில் லெப்புக்குப் போகச் சொல்வார்கள். அதற்குக் காசு என்று முகம் சுளிக்கிறோம். எங்கள் பக்கத்தில் ஒரு பெட்டி ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்கிற காசில் அதை ஒருதரம் எடுத்துவிடலாம். இரத்தச்சோகை, தலசீமியா உள்ளவர்களுக்கு அந்த எண் பிழைக்கலாம். அவர்கள் டொக்டரிடம் சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. கிளினிக் கொப்பியில் குளிசை எத்தனை வேளை என்று எழுதுகிற இடத்துக்குக் கீழே, வீட்டில் எந்த நேரம், கிழமைக்கு எத்தனை தரம் குத்திப் பார்க்க வேண்டும், எத்தனைக்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது டொக்டருக்கு நேரமில்லை என்பது தெரியும். மிஸ்ஸி ஒருவர் எழுதினாலும் போதும். அதுவரைக்கும் நாமாவது வாய் திறந்து கேட்போம்.

நோன்பைப் பற்றி இரண்டு வார்த்தை. விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது. இதை நம் உம்மாமார்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நோன்போடு குத்த மறுக்கிறார்கள். 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். மார்க்கம் நோயாளிக்குத் தந்த சலுகைதானே அது. குளிசை, ஊசி எடுப்பவர்கள் நோன்புக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முதலே டொக்டரைக் காண வேண்டும். மருந்தின் நேரமும் அளவும் மாறும். நாங்களாகக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. உம்மாவை நாங்கள் கொண்டுபோய்க் காட்டியது அந்த 52க்குப் பிறகுதான்.

இப்போது டொக்டர் சொன்னபடி உம்மாவுக்குக் கிழமைக்கு இரண்டு, மூன்று தரம், வெவ்வேறு நேரத்தில் குத்துகிறோம். வியர்த்தால், நடுங்கினால் உடனே. நோன்பு வைத்தால் பகலிலும் அஸருக்குப் பிறகும். காய்ச்சல், வயிற்றோட்டம் வந்தால் இரண்டு பேருக்கும் கூடுதலாக. சீ.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் உம்மாவின் எழுத்தும் வரத் தொடங்கியிருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டா என்றும் எழுதுகிறா.

வாப்பாவுக்குத்தான் பெரிய மனத்தாங்கல். நேற்றும் சுபஹுக்குப் பிறகு அலுமாரியைத் திறந்து, "ஸ்ட்ரிப் எத்தனை மிச்சம் இரிக்கு?" என்று கேட்டார்.